முல்கோவால் புட்டியும் ஹாஃப்கின் சுமந்த பழியும்

1902 அக்டோபர் 30 அன்று, அன்றைய பஞ்சாப் மாகாணத்தின் முல்கோவால் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. சில நாள்களில் அவர்களுள் 19 பேரை டெட்டனஸ் எனும் இரணசன்னி தாக்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. பத்தொன்பது பேரும் 53என் என்று குறியிடப்பட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். பிற புட்டிகளிலிருந்து பெற்ற 88 பேருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. அந்த மருந்தைக் கண்டறிந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். பழியும் அவர் மீதே விழுந்தது.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஹாஃப்கின். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகோவிடம் உயிரியல் பயின்றார். யூதர்களுக்கு எதிரான கலவரங்களின்போது தற்காப்புக் குழுவில் நின்று போராடிக் கைதானார். ரஷ்ய மரபுவழித் திருச்சபைக்கு மாறினால் பேராசிரியர் பதவி கிட்டும் என்ற நிலையில் மதம் மாற மறுத்துவிட்டார். பிறப்பைக் காட்டிக் கல்விக்கூடத்தின் கதவை அடைக்கும் வழக்கம் நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1889இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் பணி. ஓய்ந்த நேரங்களில் ஆய்வு செய்து காலரா தடுப்பூசியை உருவாக்கிய அவர், 1892 ஜூலையில் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

1893இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு கல்கத்தாவின் காட்டல் பாகான் குடிசைப் பகுதியில் காலரா பரவியது. அங்கு வாழ்ந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் நோய் கண்டவர்கள் அனைவரும் ஊசி போடாதவர்களே. இந்த வெற்றி ஒருவருடையதன்று. நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்சன் அழைத்தார். சௌத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத் ஆகிய இந்திய மருத்துவர்கள் உடன் நடந்தனர். ஐயுற்ற மக்கள் முன் மருத்துவர்கள் தமக்கே ஊசி போட்டுக் காட்டினர். அனைத்துக்கும் மேலாக, கையை நீட்டிய குடிசைவாசிகள் இருந்தனர். ஒரே குடியிருப்பில், ஒரே குளத்து நீரைப் புழங்கியோரிடையே ஊசி போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிட முடிந்ததே அந்தச் சான்றின் வலிமை. 1895க்குள் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் காலரா ஊசி பெற்றிருந்தனர்.

1896இல் பம்பாயில் பிளேக் மூண்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய அறையில் ஹாஃப்கின் வேலையைத் தொடங்கினார். இறைச்சிச் சாற்றில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றினடியில் கிருமிகளை விழுதுகள்போல் வளர்த்து, சூடேற்றிக் கொன்று தடுப்பூசியாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று மீண்டும் முதல் ஊசி அவருக்கே. அடுத்த சோதனை பைகுலா சிறையில் நடந்தது. கைதிகள் விரும்பி முன்வந்தனர் என்பது பதிவு. சிறைக்குள் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நாம் கேட்டே ஆகவேண்டும். மருந்து பயன் தந்தது என்பது அக்கேள்விக்கு விடையாகாது.

பிளேக் புணேக்கும் பரவியது. நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய சாவித்ரிபாய் பூலே அந்நோய்க்கே பலியாகி 1897 மார்ச் 10 அன்று மறைந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கொள்ளைநோய்ச் சட்டம் வந்திருந்தது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, நல்லெண்ணத்தில் செய்ததாகக் கருதப்படும் எச்செயலுக்காகவும் எவர் மீதும் வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. வீடு புகுந்து சோதித்தவர்களுக்கும், குடும்பங்களைப் பிரித்து முகாமுக்கு அனுப்பியவர்களுக்கும் அது கவசமாக இருந்தது.

ஹாஃப்கினுக்கு அத்தகைய கவசம் எதுவும் இல்லை. பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையிலான ஆணையம், புட்டி முல்கோவாலில் திறக்கப்படும் முன்பே நஞ்சாகியிருந்தது என்று முடிவு கட்டியது. விரைவான உற்பத்திக்காக அவர் கார்பாலிக் அமிலத்தைக் கைவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பியது அவருக்கு எதிரான சான்றாயிற்று. பாஸ்டர் நிறுவனம் ஏற்கெனவே கையாண்ட முறை அது என்பது எடுபடவில்லை. ஆனால் சாட்சியத்திலேயே வேறொன்றும் இருந்தது. புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது. அது முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டது. புட்டிக்குள் இரணசன்னிக் கிருமி முன்பே வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் வீசியிருக்கும். அப்படி எந்த நாற்றமும் உணரப்படவில்லை. சட்டம் பயின்ற நமக்கு இவை சிறு ஐயங்களாகத் தோன்றவில்லை. குற்றச்சாட்டின் அடித்தளத்தையே அசைப்பவை இவை. ஆயினும் ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்; 1904இல் இங்கிலாந்து சென்றார். அவர் பிரித்தானியர் அல்லர், மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர், யூதர். காலனி மருத்துவத் துறைக்கு அவரைக் கைவிடுவது எளிதாயிருந்தது. பிற்காலத்தார் இதனைப் பிரான்சின் டிரேஃபஸ் வழக்கோடு ஒப்பிட்டதில் வியப்பில்லை.

1907இல் ரொனால்டு ராஸ் முன்னின்று, பல நுண்ணுயிரியல் அறிஞர்களுடன் லண்டன் டைம்ஸ் இதழில் அவருக்காக எழுதினார். குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என்பதே அவர்களது முடிவு. ஆய்வைக் கூட்டாக வளர்த்த அறிவுலகம் ஆய்வாளரைக் காக்கவும் கூடிற்று, ஐந்தாண்டு தாமதித்து. இந்த நீதிக்கதையில் ஒரு குறையும் உண்டு. ஹாஃப்கினின் பெயர் மீட்கப்பட்டதை விவரிக்கும் எழுத்துகளில் முல்கோவாலில் இறந்தோர் பெரும்பாலும் 19 என்ற எண்ணாகவே நிற்கின்றனர். தவறு ஆய்வகத்தில் நிகழவில்லை என்று நிறுவியதோடு வழக்கு முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. ஊசி முனையில் நிகழ்ந்த தவறுக்கு அக்குடும்பங்களிடம் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது பேசப்படவில்லை.

ஹாஃப்கின் இந்தியா திரும்பினார். அவர் உருவாக்கிய பம்பாய் ஆய்வகத்தின் தலைமை வேறொருவர் கையில் இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றி 1914 வாக்கில் ஓய்வு பெற்றார். 1925இல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் இறந்தார்.