தம் வாழ்வைத் தாமே எழுதிய சான்றோர்

சென்னை மாநகரின் மேற்கே பூவிருந்தவல்லியும் மாங்காடும் குன்றத்தூரும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. ஏரிகள் மிகுந்த நிலப்பகுதி அது. செம்பரம்பாக்கத்துப் பேரேரி நெடுங்காலமாக அந்நிலத்துக்கு வளமூட்டி வந்தது. அப்பகுதிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சிவனடியார் அறுபத்துமூவரின் வாழ்க்கையைப் பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் குன்றத்தூர். அக்குன்றத்தூருக்கு அண்மையில் துள்ளம் என்னும் சிற்றூர் உள்ளது. இந்நாளில் அது தண்டலம் என வழங்குகின்றது. பிறர் வரலாற்றைப் பாடிய பெரியார் குன்றத்தூரில் தோன்றினார். தம் வரலாற்றைத் தாமே எழுதிய பெரியார் ஒருவர் துள்ளத்தில் தோன்றினார். அவரே, தமிழ்த் தென்றல் என்று தமிழுலகம் போற்றும் திரு.வி. கல்யாணசுந்தரனார். திரு.வி.க. என்பதே அவருக்குப் பெயராக நிலைத்தது.

தம் வரலாற்றைத் தாமே எழுதுவது எளிய செயலன்று. அதில் மூன்று இடர்கள் உள்ளன. முதலாவது தற்புகழ்ச்சி. இரண்டாவது, தமக்கு இழுக்காகத் தோன்றுவனவற்றை மறைத்துவிடும் விருப்பம். மூன்றாவது மறதி. பழந்தமிழ்ச் சான்றோர் இவ்விடர்களை நன்கு உணர்ந்திருந்தனர். நூலாசிரியர் சிறப்பைப் பிறரே பாயிரத்தில் கூறுவது அக்கால மரபு. ஒருவன் தன்னைத் தானே புகழ்வதை நன்னூல் விலக்கிற்று. இன்றியமையாத சில இடங்களில் மட்டுமே அதற்கு இசைவு தந்தது. ஆகவே, தன் வரலாறு என்னும் நூல்வகை தமிழில் காலந்தாழ்ந்தே வளர்ந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுதினார். எனினும் அது நாள்தோறும் நிகழ்ந்தவற்றைப் பதிந்த ஏடேயாகும். காந்தியடிகள் 1925ஆம் ஆண்டில் தம் சத்திய சோதனையை நவஜீவன் என்னும் கிழமை இதழில் எழுதத் தொடங்கினார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் எழுதி வந்தார். 1942ஆம் ஆண்டில் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்றது. அதன்பின் ஈராண்டு கழித்து, 1944ஆம் ஆண்டில், திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புக்கள் என்னும் பெருநூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

அந்நூல் எத்தகைய வாழ்விலிருந்து பிறந்தது என்பதை அறிந்தால்தான் அதன் பெருமை விளங்கும்.

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். முன்னோர் திருவாரூரினர். அதனாலேயே அவர் பெயரின் முன் திருவாரூர் நின்றது. தந்தையார் வாணிகத்தின் பொருட்டுத் துள்ளத்தில் குடியமர்ந்திருந்தார். அவரே மகனுக்கு முதல் ஆசிரியராகவும் விளங்கினார். சில ஆண்டுகளுக்குப்பின் குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்குத் திரும்பிற்று. எனினும், சிற்றூரின் இயற்கை அச்சிறுவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. இயற்கையே இறைவனின் உடல் என்று பிற்காலத்தில் அவர் பல நூல்களில் விளக்கினார். முருகன் அல்லது அழகு என்னும் நூல் அவற்றுள் தலைசிறந்தது. அக்கருத்துக்கு விதை துள்ளத்து மண்ணில் விழுந்தது எனலாம்.

இராயப்பேட்டையில் இருந்த வெஸ்லி பள்ளியில் அவர் 1894ஆம் ஆண்டில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே நோய் பற்றிற்று. கையும் காலும் முடங்கின. நான்கு ஆண்டுகள் படிப்பு தடைப்பட்டது. உடல் தேறி, 1898ஆம் ஆண்டில் மீண்டும் பள்ளி புகுந்தார். அங்கே அவருக்கு ஓர் அரிய ஆசிரியர் வாய்த்தார். அவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. அகராதி தொகுத்தவர்; சைவ நூல்களில் துறைபோகியவர்; சொற்பொழிவில் வல்லவர். அவரிடம் திரு.வி.க. தமிழைக் கற்றார், மேடையில் பேசும் ஆற்றலையும் பெற்றார்.

அக்காலத்தில் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என வழங்கலாமா, ஆகாதா என்னும் பூசல் சைவரிடையே மூண்டிருந்தது. ஆகாது என்பார் பக்கத்தில் கதிரைவேற்பிள்ளை முன்னின்றார். பூசல் முற்றி வழக்கு மன்றத்தை அடைந்தது. ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் பொருட்டுச் சான்று கூற மாணவர் செல்ல வேண்டியதாயிற்று. அது 1904ஆம் ஆண்டு. பள்ளி இறுதித் தேர்வும் அச்சமயத்தில் வந்தது. ஒருபுறம் தேர்வு, மறுபுறம் ஆசிரியர். நோயினால் நான்கு ஆண்டுகளை இழந்த மாணவர்க்கு அத்தேர்வு எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் உணரலாம். எனினும் திரு.வி.க. வழக்கு மன்றத்துக்கே சென்றார். தேர்வு எழுத இயலவில்லை. அத்துடன் அவர் பள்ளிப் படிப்பும் முடிவுற்றது.

கதிரைவேற்பிள்ளை 1907ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டில் திரு.வி.க. அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார். இளமையிலேயே வாழ்க்கை வரலாறு எழுதப் புகுந்த அவர், தம் ஆசிரியர் வரலாற்றிலிருந்தே தொடங்கினார் என்பது கருதத்தக்கது. தம் வரலாற்றை எழுதுவதற்கு முன் அவர் முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார். அவ்விடைக்காலத்தில் பெரியபுராணத்துக்குக் குறிப்புரை வரைந்தார். காந்தியடிகளின் வாழ்க்கைநெறியை ஆராய்ந்து மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் என்னும் நூலை 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறர் வாழ்வை ஊன்றி நோக்கிப் பழகிய கண்ணே பின்னர்த் தம் வாழ்வை நோக்கிற்று.

ஆசிரியரை இழந்தபின் மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவமும் பயின்றார். சின்னாள் ஸ்பென்சர் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். நாட்டு விடுதலைக் கிளர்ச்சியில் ஈடுபாடு மிகவே அவ்வேலையை விட்டார். 1909ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பகுதியில் வெஸ்லியன் பள்ளியின் ஆசிரியரானார். பின்னர் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. நிலையான அப்பதவியையும் 1917ஆம் ஆண்டில் துறந்து, தேசபக்தன் என்னும் நாளிதழுக்கு ஆசிரியரானார். 1920ஆம் ஆண்டில் நவசக்தி தோன்றிற்று. அரசியல் கட்டுரை என்றாலே ஆங்கிலச் சொற்கள் மலிந்திருந்த காலத்தில், தூய இனிய தமிழில் அரசியலை எழுத முடியும் என்பதை அவர் நாள்தோறும் மெய்ப்பித்தார்.

அவர் பணி எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு ஆகியோருடன் அதன் வளர்ச்சிக்கு உழைத்தவர் திரு.வி.க. பக்கிங்காம், கருநாடக ஆலைத் தொழிலாளர் 1921ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தபோது, நாடு கடத்தப்படுவீர் என்னும் எச்சரிக்கை ஆளுநரிடமிருந்து அவருக்கு வந்தது. அவர் பின்வாங்கினாரல்லர்.

பொது வாழ்வில் இவ்வாறு உயர்ந்த அதே காலத்தில் இல்லத்தில் துயரம் சூழ்ந்தது. 1912ஆம் ஆண்டில் கமலாம்பிகை அம்மையாரை அவர் மணந்தார். பிறந்த குழந்தைகள் இருவரும் இறந்தனர். 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் என்புருக்கி நோய் அம்மையாரையும் கொண்டு சென்றது. அப்போது திரு.வி.க.வுக்கு வயது முப்பத்தைந்து. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆறே ஆண்டு நிகழ்ந்த இல்லறம் அவர் உள்ளத்தைப் பண்படுத்திற்று. பெண்ணின் பெருமை என்னும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இத்தகைய வாழ்வை எழுதப் புகுந்தவர் தம் நூலுக்குச் சரித்திரம் என்று பெயரிடவில்லை. குறிப்புக்கள் என்றே பெயரிட்டார். அப்பெயரிலேயே அவர் அடக்கம் விளங்குகின்றது. மேலும், தம் வாழ்வை நாள் வரிசையில் மட்டும் அடுக்காமல், கல்வி, தொழில், இல்லறம், அரசியல், தொழிலாளர் இயக்கம் எனப் பொருள்வாரியாகவும் அவர் வகுத்துக்கொண்டார். ஒவ்வொரு துறையிலும் தாம் எவ்வாறு புகுந்தார், யாரிடம் கற்றார், எங்கே இடறினார், எவ்வாறு தெளிந்தார் என்பதைக் கற்பவர் தொடர்ந்து காண அம்முறை உதவுகின்றது. பல ஆண்டுகள் இதழாசிரியராக இருந்த பழக்கம் அவர் நடையில் தெரிகின்றது. வாக்கியங்கள் சிறியன, செய்தி தெளிவாக நிற்கும், ஆளும் இடமும் காலமும் பெயரோடு வரும். இராயப்பேட்டைத் தெருவும், அச்சுக்கூடமும், ஆலைத் தொழிலாளர் கூட்டமும், புலவர் அவையும் அந்நூலில் உயிர் பெற்று உலவுகின்றன. ஆகவே அந்நூல் ஒருவர் கதையாக நின்றுவிடாமல், அரை நூற்றாண்டுச் சென்னையின் வரலாறாகவும் பயன்படுகின்றது.

எனினும் அந்நூலின் உயிர்நாடி அதன் வாய்மையே. அருட்பாப் பூசலை மீண்டும் நினைவுகூர்வோம். அன்று இளைஞர் திரு.வி.க. ஒரு பக்கத்தை உறுதியாகப் பற்றி நின்றார். பின்னர்ப் பல சமய நூல்களைக் கற்றார். பல சமயத்தாருடன் பழகினார். எல்லாச் சமயங்களின் உள்ளீடும் ஒன்றே என்னும் சமரச சன்மார்க்கத்தை அடைந்தார். முன்பு எதிர்ப்பக்கத்தில் நின்றவர், 1929ஆம் ஆண்டில் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலையே எழுதினார். தம் வாழ்வை வரையும்போது இம்மாறுதலை அவர் என் செய்திருக்கலாம்? பழைய பூசலை விட்டுவிட்டு, தொடக்கம் முதலே தாம் சமரச நெஞ்சினர் என்று காட்டியிருக்கலாம். அல்லது, ஆசிரியர் மீது பழி போட்டுத் தாம் ஒதுங்கியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. இளமையின் வேகத்தையும் எழுதினார். பின்னர் வந்த தெளிவையும் எழுதினார். ஆசிரியரிடம் கொண்ட அன்பு இறுதிவரை குறையவில்லை. கருத்து வேறு, நன்றி வேறு என்பதை அவர் வாழ்ந்து காட்டினார், எழுதியும் காட்டினார்.

பிறரைப் பற்றி எழுதும்போதும் அந்நேர்மை தவறவில்லை. 1925ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் நிகழ்ந்த காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிப் பெரியார் ஈ.வெ. இராமசாமி கொணர்ந்த தீர்மானத்துக்கு அவர் இடந்தரவில்லை. பெரியார் அம்மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரசையும் நீத்தார். இருவர் வழிகளும் பிரிந்தன. ஆயினும் நட்பு பிரியவில்லை. பெரியாரை வைக்கம் வீரர் என்று போற்றிய கை, பிரிவுக்குப் பின்னும் அவர் சிறப்பைக் குறைத்து எழுதவில்லை. தன் வரலாறு எழுதுவோர் பலர் பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள அந்நூலைக் கருவியாக்குவதுண்டு. திரு.வி.க.வோ அதனை நட்பைப் பேணும் கருவியாக்கினார்.

நூல் வெளிவந்தபின்னும் அவர் வாழ்வில் சோதனை தீரவில்லை. தொழிலாளர் பக்கம் நின்றமையால் 1947ஆம் ஆண்டில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பின்னர்க் கண்ணொளி மங்கிற்று, முற்றிலும் மறைந்தது. அந்நிலையிலும் எழுத்து நிற்கவில்லை. தாம் கூறப் பிறர் எழுத, 1951ஆம் ஆண்டில் முதுமை உளறலும், படுக்கையில் கிடந்தவாறே படுக்கைப் பிதற்றலும் அவர் வாயிலிருந்து பாடல்களாக வந்தன. உளறல் என்றும் பிதற்றல் என்றும் தம் நூல்களுக்குப் பெயரிட்ட அவர் பணிவை என்னென்பது! 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் திரு.வி.க. இயற்கை எய்தினார்.

துள்ளத்தைச் சூழ்ந்த வயல்களில் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. போரூரிலிருந்து குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில் ஊர்திகள் இடையறாது ஓடுகின்றன. பழைய சிற்றூரைக் காண விழைவோர் வாழ்க்கைக் குறிப்புக்களைத்தான் நாட வேண்டும். எழுதி வைத்தமையால் அது நமக்குக் கிடைத்தது.

மாணவர்களே! நீங்களும் நாள்தோறும் சில வரிகளேனும் உங்கள் வாழ்வைக் குறித்து வையுங்கள். கண்ட இடத்தையும், பழகிய மனிதரையும், அவர் பெயரையும், நாளையும் தவறாது எழுதுங்கள். செய்த நன்மையை எழுதும்போது சொல்லைக் குறையுங்கள். செய்த பிழையை எழுதும்போது அதனை மறைக்காதீர்கள். இருபத்தொரு வயதில் ஆசிரியர் பொருட்டுத் தேர்வை இழந்து சான்று கூறச் சென்றவர் திரு.வி.க. அறுபதைக் கடந்தபின் அவர் மீண்டும் ஒருமுறை சான்று கூறினார். அம்முறை தம்மைப் பற்றியே கூறினார். அச்சான்றில் அவர் தமக்காக எதனையும் மறைக்கவில்லை.