வெள்ளிக் கச்சை பெற்ற கொத்தனார்

உடல் வலிமையாற் புகழ் எய்தியோர் உலகிற் பலர். ஆயினும், வென்று முடித்த போர்களைக் காட்டிலும் வெற்றி தோல்வியின்றி முடிந்த ஒரு போரினாற் பெரும்புகழ் எய்தியவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாம் சேயர்ஸ் என்னும் ஆங்கிலக் குத்துச்சண்டை வீரர் ஆவர்.

அரசர்க்கு முடி எத்தகையதோ, குத்துச்சண்டை வீரர்க்குக் கச்சை அத்தகையது. 19 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இங்கிலாந்தில் தமக்கு நிகர் இல்லை எனப் பெயர் பெற்ற வீரர் வெள்ளியால் அமைந்த கச்சை ஒன்றைப் பெற்றிருந்தார். தம்மை எதிர்த்து வருவோரைப் போரில் வென்று அதனைக் காத்துக்கொள்ளுதல் அவர் கடமை. தோற்பின், கச்சையும் அதனோடு வந்த பெருமையும் வென்றவர்க்கு உரியனவாகும். இத்தகைய கச்சையின் பொருட்டே சேயர்ஸின் வாழ்வில் மிகப் பெரிய போர் நிகழ்ந்தது.

சேயர்ஸ் 1826 ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு சேரியிற் பிறந்தார். அவர் தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளர். வறுமையின் காரணமாகச் சேயர்ஸ் கல்வி பயிலும் பேறு பெற்றிலர். எழுதப் படிக்க அறியாதவராகவே வளர்ந்தார். இளமையிலேயே கொத்து வேலையிற் பழகிச் செங்கல் அடுக்கும் கொத்தனார் ஆயினார். இருப்புப்பாதைகள் நாடெங்கும் அமைக்கப்பெற்ற காலம் அது. பாலங்களும் நிலையங்களும் எழும்பிய இடங்களில் அத்தொழிலாளர்க்கு வேலை மிகுதியாக இருந்தது. பின்னர் அவர் இலண்டனுக்குச் சென்று, காம்டன் டவுன் என்னும் பகுதியிற் குடியேறினார்.

நாள் முழுவதும் கல்லும் சுண்ணமும் சுமந்த உழைப்பு அவர்தம் தோள்களை உரம் பெறச் செய்தது. 1849 ஆம் ஆண்டு பரிசுக்காகக் குத்துச்சண்டை புரியும் வாழ்வில் அவர் இறங்கினார். அவர் உயரம் ஏறத்தாழ 5 அடி 8 அங்குலமே. எடையோ ஏறத்தாழ 150 பவுண்டு. அந்நாளில் எடையை நோக்கி வீரரைப் பிரித்துப் பொருத்தும் கண்டிப்பான முறை இல்லை. ஆகவே, தம்மினும் பெரிய உடலினரோடு அவர் பன்முறை பொர நேர்ந்தது.

அக்காலத்துக் குத்துச்சண்டை இக்காலத்தது போன்றதன்று. வீரர் கையுறை அணியாது வெறுங்கையாற் பொருதனர். ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிடம் என்னும் வரையறையும் இல்லை. இருவருள் ஒருவர் நிலத்தில் வீழும்போது ஒரு சுற்று முடியும். வீழ்ந்தவர் 30 விநாடி ஓய்வு பெற்று, அதன்பின் 8 விநாடிக்குள் பிறர் துணையின்றி அரங்கின் நடுவே குறித்த கோட்டை வந்தடைதல் வேண்டும். அடையாவிடின் தோற்றவர் ஆவர். இதனால் ஒரு போர் பல மணிநேரம் நீளுதலும் உண்டு. 1856 ஆம் ஆண்டு ஹாரி பௌல்சன் என்பவரோடு சேயர்ஸ் புரிந்த போர் 109 சுற்றுகள் நிகழ்ந்து, மூன்று மணிநேரத்துக்கு மேலும் நீடித்தது. அதில் வென்றவர் சேயர்ஸே.

அவர் வாழ்வில் தோல்வி ஒன்றே ஒன்று. 1853 ஆம் ஆண்டு நாட் லாங்கம் என்பவர் அவரை வென்றார். லாங்கம் வலிமையை மட்டும் நம்பினார் அல்லர். சேயர்ஸின் கண்களையே குறியாகக் கொண்டு மீண்டும் மீண்டும் தாக்கினார். கண்கள் வீங்கி மூடிக்கொள்ளவே, எதிரியைக் காண இயலாத நிலையிற் சேயர்ஸ் தோற்றார். தோல்வியால் உளம் தளர்வோர் பலர். தோல்வியிலிருந்து பாடம் கற்போர் சிலர். சேயர்ஸ் பிற்கூறிய சிலருள் ஒருவர் என்பது பின்னர் விளங்கும்.

1857 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16 ஆம் நாள், அந்நாளைய முதன்மை வீரராகிய வில்லியம் பெரி என்பவரைச் சேயர்ஸ் எதிர்த்தார். பெரி உடலாற் பெரியவர்; ஆனால் இளமை கடந்தவர். சேயர்ஸ் அவர் அடிகளுக்கு அகப்படாது விலகி விலகி ஓடி, அவரைக் களைப்புறச் செய்து, ஈற்றில் வென்றார். எடையிற் சிறியவராகிய ஒரு கொத்தனார் இங்கிலாந்தின் முதன்மை வீரர் ஆனதைக் கண்டு மக்கள் வியந்தனர். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தம்மை எதிர்த்தோர் யாவரையும் வென்று தம் நிலையை அவர் காத்து வந்தார்.

அந்நிலையில் கடல் கடந்து ஓர் எதிரி வந்தார். அவர் ஜான் ஹீனன் என்னும் அமெரிக்க வீரர். கலிபோர்னியா மாநிலத்தின் பெனிசியா என்னும் ஊரில், கப்பல் நிறுவனம் ஒன்றின் பட்டறையில் உழைத்து உரம் பெற்றவர் அவர். உயரம் 6 அடி 2 அங்குலம். எடை ஏறத்தாழ 195 பவுண்டு. வயதிலும் அவர் சேயர்ஸுக்கு எட்டு ஆண்டு இளையவர். ஒவ்வொருவர் பக்கமும் 200 பவுன் பந்தயமாக வைக்கப்பெற்றது. பொன்னினும் பெரிய பொருள் கச்சையே. அது இங்கிலாந்தில் நிற்குமோ, அமெரிக்கா செல்லுமோ என இரு நாட்டு மக்களும் ஆவலோடு நோக்கினர்.

பரிசுச்சண்டை அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. ஆகவே போர் நிகழும் இடம் மறைவாக வைக்கப்பெற்றது. 1860 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17 ஆம் நாள், விடியுமுன், இலண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து தனி இரயில் வண்டிகள் புறப்பட்டன. ஏறினோர் கையில் இருந்த சீட்டில் சேருமிடத்தின் பெயர் இல்லை. வண்டிகள் ஹாம்ப்ஷயரில் உள்ள பார்ன்பரோ என்னும் ஊரை அடைந்தன. அங்கு ஒரு புல்வெளியிற் கயிறு கட்டி அரங்கம் அமைத்தனர். காலை ஏழரை மணியளவிற் போர் தொடங்கியது.

தொடக்கத்திலேயே சேயர்ஸுக்குப் பேரிடர் நேர்ந்தது. ஹீனனின் வன்மையான அடியைத் தடுத்த வலக்கை, முன்கையில் ஊறுபட்டு வீங்கிப் பயனற்றதாயிற்று. வீரர்க்கு வலக்கையே பெருந்துணை. அதனை இழந்த பின்னும் அவர் களத்தை விட்டு அகன்றாரில்லை. அக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடக்கை ஒன்றினாலேயே பொரலாயினார். மீண்டும் மீண்டும் அவர் நிலத்தில் வீழ்த்தப்பட்டார். மீண்டும் மீண்டும் எழுந்து கோட்டருகே வந்து நின்றார். முன்பு லாங்கம் தம்மை வென்ற அதே வழியை இப்பொழுது அவர் கையாண்டார். ஹீனனின் முகத்தில் இடையறாது தாக்கினார். ஹீனனின் ஒரு கண் வீங்கி மூடியது. மற்றொன்றும் மெல்ல மூடத் தலைப்பட்டது. ஒருவர்க்குக் கை இல்லை. ஒருவர்க்குக் கண் இல்லை. எனினும் இருவரும் பின்வாங்கவில்லை.

இரண்டு மணிநேரம் கடந்தது. 37 ஆம் சுற்றில் ஹீனன் சேயர்ஸின் கழுத்தைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தினார். சேயர்ஸ் மூச்சுத் திணறினார். கூட்டம் அரங்கினுட் புகுந்தது, காவலரும் நெருங்கினர், எங்கும் குழப்பம் மிகுந்தது. அக்குழப்பத்தினிடையே மேலும் சில சுற்றுகள் நிகழ்ந்தபின் போர் நிறுத்தப்பட்டது. வென்றவர் இவர், தோற்றவர் இவர் எனத் துணிந்து கூறுதல் இயலாதாயிற்று. போர் சமனாக முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அட்லாண்டிக் கடலின் அடியில் 1858 இல் இடப்பட்ட தந்திக்கம்பி சில வாரங்களிலேயே பழுதுற்றிருந்தது. ஆகவே செய்தி நீராவிக் கப்பலின் வழியே அமெரிக்காவை அடைய நாள்கள் பல சென்றன. அது சென்று சேர்ந்ததும், வென்றவர் தம் நாட்டவரே என இரு நாட்டினரும் பூசலிட்டனர். கச்சை யாருக்கு உரியது? வெள்ளிக் கச்சையை இரண்டாகத் துணித்துப் பகிர்தல் தகாது. மீண்டும் போர் புரியச் செய்தலும் அறமன்று. ஈற்றில் நல்லதொரு முடிவு கண்டனர். ஒரே மாதிரியான வெள்ளிக் கச்சைகள் இரண்டு செய்வித்து, அவ்வாண்டு மே மாதத்தில் இலண்டன் நகரில் மக்கள் கூடிய அவையில் இருவர்க்கும் அளித்தனர். சில வாரங்களுக்கு முன் ஒருவரை ஒருவர் வீழ்த்த முயன்ற இருவரும் அன்று ஒரே மேடையிற் சிறப்புப் பெற்றனர்.

சேயர்ஸின் உறுதியை மெச்சிய மக்கள் ஏறத்தாழ 3,000 பவுன் திரட்டி அவர் பொருட்டு வைப்புநிதி அமைத்தனர். அவர் இனி ஒருநாளும் பரிசுக்காகப் பொருதலாகாது என்பதே அதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. அவரும் அதனை ஏற்றுக் களத்தை விட்டு நீங்கினார். ஆனால், களத்தில் வெல்ல முடியாத அவரை வாழ்வு வென்றது. சர்க்கஸ் தொழிலிற் பொருள் இட்டு இழப்பு எய்தினார். உடல் நலமும் குன்றியது. நீரிழிவும் காசநோயும் அவரை வருத்தின. 1865 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8 ஆம் நாள், தம் 39 ஆம் வயதில், காம்டன் டவுனில் அவர் உயிர் நீத்தார்.

அவர் இறுதி ஊர்வலத்திற் பல்லாயிரவர் திரண்டனர். பிணவண்டியை அடுத்துச் சிறு வண்டி ஒன்று சென்றது. அதில் மனிதர் எவரும் இல்லை. அவர் அன்போடு வளர்த்த லயன் என்னும் நாய், கழுத்திற் கருந்துணி கட்டப்பெற்று, தனியே அமர்ந்து சென்றது. இலண்டனின் ஹைகேட் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் கல்லறையின் முன் அந்நாயின் கற்சிலை காவல் காப்பது போன்று படுத்திருக்கின்றது.

பார்ன்பரோவில் மக்கள் கண்ட கொடுமை வீண்போகவில்லை. வெறுங்கைப் போரின் மீது வெறுப்பு வளர்ந்தது. 1867 இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் புதிய விதிகள் வெளிவந்தன. கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, இடையே ஒரு நிமிட ஓய்வு ஆகியன அவற்றால் நிலைபெற்றன. கச்சை வழங்கும் வழக்கமோ மறையவில்லை. 1909 முதல் இங்கிலாந்தில் லான்ஸ்டேல் பிரபுவின் பெயரால் அழகிய கச்சைகள் வழங்கப்பெறலாயின.

வெள்ளி காலத்தால் கருக்கும். துலக்கினால் மீண்டும் ஒளிரும். உடல் வலிமையோ ஒருமுறை நீங்கினால் மீளாது. கல்வியும் செல்வமும் இல்லாத ஒரு கொத்தனார், வலக்கை வீழ்ந்த பின்னும் இடக்கையால் நின்ற உறுதியே அவரை இன்றும் நினைக்கச் செய்கின்றது. அவ்வுறுதி குத்துச்சண்டைக் களத்திற்கு மட்டும் உரியதன்று. துன்பம் வந்துழி எழுந்து நிற்க விழையும் யாவர்க்கும் உரியது.