ஈழத்தின் முதல் நாவலும் மர்மக் கதையே

மர்ம நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'அசன்பேயுடைய கதை' (1885) மர்மத்தின் மீதே எழுந்தது. எகிப்தியப் பிரபு ஒருவரின் குழந்தை கடத்தப்பட்டு, தன் பிறப்பறியாது இந்தியாவில் வளர்கிறது. அசன் யார் என்ற வினாவே வாசகரை இழுத்துச் செல்கிறது.

இதனை எழுதிய முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கி, நவீன கல்விக்கு அஞ்சி ஒதுங்கிய தம் சமூகத்தைத் தட்டியெழுப்பினார். 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா அவருக்குத் துணையானார். பின்னாளில் சாஹிரா கல்லூரியாக வளர்ந்த பாடசாலை 1892இல் கொழும்பில் உருவாக, வாப்பிச்சி மரைக்காரோடு இணைந்து உழைத்தார்.

உடுவிலில் 1824இலேயே மகளிர் பாடசாலை எழுந்துவிட்டது. பல தசாப்தங்கள் கழிந்தும் முஸ்லிம் சிறுமியருக்கு அத்தகைய வாய்ப்பு அரிதாகவே இருந்தது. அக்குறை நீங்கக் கண்டியில் அவர்களுக்கெனப் பாடசாலை கண்டவரும் அவரே.

1898இல் அவர் மறைந்தார். ஓர் இஸ்லாமியர் தமிழன்னைக்கு அளித்த இக்கொடை, உடுவிலிலும் கண்டியிலும் இரு சமூகப் பிள்ளைகளின் கைகளிலும் தவழ வேண்டும். பெயரை மட்டும் பரீட்சைக்கு மனனம் செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.