தாயைக் காத்த கை

தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற நம் இராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மருத்துவக் குடும்பத்துப் பெண்ணாயினும் மருத்துவராக விரும்பாதவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பிள்ளைப்பேற்றில் மாண்டனர். ஆண் மருத்துவரான ஐடாவின் தந்தையை அவர்தம் கணவன்மார் ஏற்கவில்லை. அவ்விரவே ஐடாவின் வாழ்வைத் திருப்பிற்று.

1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய பணி, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி மலர்ந்தது. இன்று உலகறிந்த மருத்துவக் கல்லூரி அதுவே.

விலங்கியல் பயிலும் நான் இவ்வாழ்வில் மற்றொன்றும் காண்கிறேன். கிருமிகளை விழுங்கி அழிக்கும் படைவீரர்கள் நம் வெள்ளணுக்கள். பச்சிளங்குழந்தையிடமும் அவை உண்டு. ஆயினும் கிருமி புகுந்த இடத்திற்கு விரையும் ஆற்றல் குறைவு. எலும்பு மஜ்ஜையில் சேமிப்புப் படையும் சிறிது. அக்குறையை ஈடுசெய்பவள் தாயே! கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள்களை அளிக்கிறாள். பிறந்தபின் சீம்பாலில் மேலும் எதிர்ப்பொருள்களையும் வெள்ளணுக்களையும் ஊட்டுகிறாள். தாய் மடிந்தால் அப்பாலும் இல்லை. ஆகவே, தாயைக் காத்த ஐடா சேயையும் காத்தார்.

ஆம்பூரில் எங்கள் தெருவிலும் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டியவர்கள் உண்டு. காவல் குறைந்த கோட்டைக்கு வரும் துணைப்படையைத் திருப்பி அனுப்பலாமா?

1960 மே 24-இல் ஐடா மறைந்தார். தோழர்களே, கற்ற நாம் இவ்வுண்மையை நம் வீட்டாருக்கேனும் எடுத்துரைப்போமாக!