‘உலகின் அதிபதி’யை எழுதிய குருவானவர்

அங்கிலிக்கன் சபையின் தலைமைப் பீடமாகிய கன்ரபரியின் பேராயருக்கு மகனாகப் பிறந்த ஒருவர், கத்தோலிக்கக் குருவானவராகி, அந்திக்கிறிஸ்துவைப் பற்றி அரசியல் மர்ம நாவல் ஒன்றை எழுதினார். அவரே மொன்சிஞ்ஞோர் றொபேட் ஹியூ பென்சன்.

1871 நவம்பர் 18இல் பிறந்த அவர், கேம்பிறிஜ்ஜில் கல்வி கற்று, 1895இல் தம் தந்தையாரின் கரங்களாலேயே அங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார். மறு ஆண்டு தந்தையார் காலமானார். அதன்பின் உடல்நலங் கருதிக் கிழக்கு நாடுகளுக்குச் சென்றபோது, தமது சபையைப் பற்றிய ஐயம் அவருள்ளத்தில் எழுந்தது. பல்லாண்டு செபித்தும் படித்தும் போராடி, 1903இல் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். பேராயரின் மகன் இவ்வாறு செய்தது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. ஆயினும் அவருடைய தாயாரின் பாசம் குன்றவில்லை. 1904இல் உரோமாபுரியில் குருப்பட்டம் பெற்றார்.

உரையாடும்போது அவருக்கு நாக்குத் திக்கும். பிரசங்க மேடையில் ஏறினாலோ சொற்கள் தடையின்றிப் பாயும். அந்த வேகம் எழுத்திலும் இருந்தது. 1907இல் ‘உலகின் அதிபதி’ வெளிவந்தது.

கிழக்கும் மேற்கும் போருக்கு ஆயத்தமாகி நிற்கும் எதிர்காலம் ஒன்றை அந்நாவல் காட்டுகிறது. பெல்சன்பேர்க் என்னும் அமெரிக்க அரசியல்வாதி தோன்றிப் போரைத் தடுக்கிறான். நாடுகள் அவனைத் தலைவனாக ஏற்கின்றன. கடவுளை அகற்றிவிட்டு மனிதனையே வழிபடும் புதிய மதம் பரவுகிறது. துன்புறுவோருக்குச் சாவு கருணையென வழங்கப்படுகிறது. தீமை இங்கே கொம்பும் வாலுமாக வரவில்லை. சமாதானத்தின் முகத்தோடு வருகிறது.

இதனினும் கூர்மையான பாடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கத்தோலிக்கர் சிலர், புதிய வழிபாடு நடக்கவிருக்கும் ஆலயத்தைத் தகர்க்கச் சதி செய்கின்றனர். அதைத் தடுக்கப் பேர்சி என்னும் கர்தினால் உரோமாபுரியிலிருந்து விரைகிறார். அதற்குள் காலங்கடந்து விடுகிறது. பழிக்குப் பழியாக ஆகாயக் கப்பல்கள் உரோமாபுரியையே அழிக்கின்றன. எதிரியின் ஆயுதத்தைத் திருச்சபையின் பிள்ளைகளே கையிலெடுத்ததன் விளைவு அது. பின்னர் பாப்பரசராகத் தெரிவாகும் பேர்சி நாசரேத்தில் மறைந்து வாழ்கிறார். இறுதியில் எதிரிகள் நெருங்கி வருகையில் அவரும் சில குருமாரும் தேவநற்கருணை முன் முழந்தாட்படியிடுகின்றனர். அவர்களுக்கிருந்த ஆயுதம் அது ஒன்றே.

பென்சன் ஓய்வறியாது எழுதினார், பிரசங்கித்தார். 1914 ஒக்ரோபர் 19இல், நாற்பத்திரண்டாம் வயதில், சால்பேட் நகரில் இறைபதம் எய்தினார்.

நூறாண்டு கடந்தும் நாவல் மறக்கப்படவில்லை. 2015 சனவரியில் மடுத் திருப்பதியைத் தரிசித்த பாப்பரசர் பிரான்சிஸ், அதே பயணத்தின் முடிவில், மணிலாவிலிருந்து உரோமைக்குத் திரும்பும் விமானத்தில், பத்திரிகையாளரிடம் இதனை வாசிக்கும்படி பரிந்துரைத்தார்.

பெற்றோரே, பிள்ளைகள் மர்மக் கதைகளை விரும்புவது இயல்பே. விறுவிறுப்பான கதை ஆன்மாவுக்குக் கேடு என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால், தீயவனை அடையாளங் காட்டுவதோடு நின்றுவிடும் கதை, அயலவனையும் தீயவனாகக் காணவே பழக்கும். எந்த ஆயுதத்தால் அவனை எதிர்ப்பது என்றும் கற்பிக்கும் கதையே நம் வீட்டுக்கு உகந்தது. பென்சன் அத்தகைய கதையைத் தந்தார்.