ஏழையின் கணக்கைப் போட்டவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டாற்றில் மணல்தான் தெரியும். கம்பும் சோளமும் கருகும். அடுப்பில் உலை ஏறாது. வறுமை எது என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். ஆனால், சர்க்காருக்குத் தெரிய வேண்டுமே! சர்க்கார் கணக்குதான் கேட்கும்.

அந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுக் காட்டியவர் தாதாபாய் நவுரோஜி.

1825-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் பிறந்தவர். பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். 4 வயதில் தந்தையை இழந்தார். தாயார்தான் வளர்த்தார். சம்பளம் இல்லாமல் படித்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். பிறகு வியாபாரத்துக்காக லண்டன் போனார்.

சிறைச் சோறு

1876-ல் பம்பாயில் ஒரு கட்டுரை படித்தார். ஒவ்வொரு மாகாணத்திலும் விளைந்தது எவ்வளவு, அதன் விலை என்ன என்று கூட்டினார். ஜனத்தொகையால் வகுத்தார். தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் வந்தது. மாதத்துக்கு 2 ரூபாய்கூட இல்லை!

இது உயிர்வாழப் போதுமா? கணக்கு வாத்தியார் அல்லவா, சர்க்காரின் புத்தகத்தையே எடுத்துப் பார்த்தார். ஜெயில் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செலவழித்த பணம், குற்றமே செய்யாத உழவனின் சராசரி வருமானத்தைவிட அதிகமாக இருந்தது! வெறுமனே உயிர்வாழ, இடத்துக்குத் தக்கபடி ஆண்டுக்கு 16 ரூபாய் முதல் 35 ரூபாய் வரை வேண்டும் என்று கண்டார். அந்த 20 ரூபாயும் சராசரிதான். பணக்காரர் பங்கு கூடினால் ஏழையின் பங்கு இன்னும் குறையும். அதையும் அவர் மறக்கவில்லை.

அதே 1876-ல் சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. அதுதான் தாது வருஷப் பஞ்சம். திருச்சுழி அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைக்க 1877-ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா காசு என்று வைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் சண்டை பிடித்தார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை உயிர்கள்!

20-க்குப் பதில் 27

நவுரோஜியின் கணக்கை ஆட்சியாளர்கள் ஏற்கவில்லை. 1882-ல் தலைக்கு 27 ரூபாய் என்றார்கள். 1901-ல் கர்சான் பிரபு 30 என்றார். நவுரோஜி விடவில்லை. 1892-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே உறுப்பினராகி வாதாடினார். மூன்று முறை காங்கிரஸ் தலைவரானார். 1917-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, 91-வது வயதில் காலமானார்.

சுதந்திர இந்தியாவில், 1962-ல் ஒரு நிபுணர் குழு, தலைக்கு மாதம் 20 ரூபாயாவது வேண்டும் என்றது. அன்று நவுரோஜி கண்ட முழு ஆண்டு வருமானமும் அதே 20! பிறகு உணவின் கலோரியை வைத்துக் கோடு போட்டார்கள். கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100. இந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். ஒரு பிடி அரிசி கொடுக்காமலே காகிதத்தில் ஏழைகள் குறைந்துவிடுவார்கள்!

2018-ல், முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த பட்டியலில், இந்தக் கரிசல் பூமி அடங்கிய விருதுநகர் மாவட்டமும் இடம் பெற்றது. அங்கே ரூபாயை மட்டும் எண்ணவில்லை. குழந்தையின் எடை, பள்ளிப் படிப்பு, தண்ணீர் வசதி ஆகியவற்றையும் கணக்கில் எழுதுகிறார்கள்.