பன்சன் பெருமகனாரும் நம் கரைமணலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் வாழும் நம் பிள்ளைகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பன்சன் விளக்கைக் கண்டிருப்பர். அதற்குப் பெயர் தந்த பேராசிரியர் இராபர்ட் பன்சனார் வாழ்வுக்கும் நம் தென்கடற்கரை மணலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை ஈண்டுக் கூறுவோம்.

பன்சனார் 1811-இல் செருமனியில் கெட்டிங்கன் நகரில் பிறந்தார். இளமையில் ஆர்சனிக் கலந்த கொடிய பொருள்களை ஆராய்ந்தபோது கண்ணாடிக்கலம் வெடித்து வலக்கண் பார்வையை இழந்தார். நச்சுப்புகையால் உயிருக்கே ஊறு நேர இருந்தது. தேறி எழுந்து மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கே சென்றார். திருமணமும் செய்துகொண்டாரில்லை.

1852-இல் ஐடல்பர்க் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார். அந்நாளைய வாயு விளக்குகள் மஞ்சளாய் எரிந்து, கலங்களில் கரி படிவித்தன. எரியுமுன்பே வாயுவோடு காற்றைக் கலந்துவிட்டால் கரியற்ற, நிறமற்ற, வெம்மை மிக்க சுடர் கிடைக்கும் என்று அவர் கண்டார். பாரடே முதலியோர் முன்னரே இவ்வழியில் முயன்றதுண்டு. பன்சனார் கருத்துப்படி, குழாயின் அடியில் காற்றுத் துளைகள் வைத்து, பீட்டர் டெசாகா என்னும் கைவினைஞர் 1855-இல் விளக்கைச் செய்தளித்தார். பன்சனார் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. கோரியிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை!

சுடருக்கு நிறமில்லாமையே பெரும்பேறாயிற்று. அதில் உப்பை இட்டால் உப்பின் நிறம் மட்டுமே தோன்றும். அவ்வொளியை நண்பர் கிர்க்காஃபுடன் முப்பட்டகத்தின் வழியே பிரித்து நோக்கி, ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டெனக் கண்டார். டூர்க்கைம் ஊற்றுநீரைச் சுமார் 40 டன் வற்றக் காய்ச்சிச் சீசியத்தையும், பின் 1861-இல் ருபீடியத்தையும் உலகுக்குக் காட்டினர் அவ்விருவரும்.

அவரிடம் பயின்ற ஆஸ்திரிய மாணவர் அவுவர், பன்சன் சுடரின் மேல் தோரியம் ஏறிய வலையைப் பொருத்தி வெள்ளொளி பெற்றார். பெட்ரோமாக்ஸ் விளக்கில் நம் பெரியோர் கண்ட 'மாண்டில்' அதன் வழிவந்ததே. தோரியம் மோனசைட்டு மணலில் உள்ளது. 1899-இல் பன்சனார் மறைந்து பத்தாண்டு சென்றபின், 1909-இல், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலைக்கொண்டு சோம்பர்க் என்னும் செருமானியர் மணவாளக்குறிச்சிக் கரையின் வளத்தை அறிந்தார். தலைமுறை தலைமுறையாய் நாம் மிதித்து நடந்த மணல் அது! அறிந்தவர் கைக்கே அது கப்பலேறிச் சென்றது.

1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றி, 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை தொடங்கிற்று. 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுத்தபோது மணவாளக்குறிச்சி சென்னை மாநிலத்துக்கும், ஆலுவாய் நம் ஊர்களோடு கேரளத்துக்கும் உரியவாயின. மணலோ அதன் பின்னும் எல்லை கடந்து ஆலுவாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.